சாவு வீட்டில் போட்ட கையெழுத்து

சட்டைப் பையிலிருந்து அவன் எடுத்த தாள் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பெல்லாம் நைந்துபோய், விரித்தால் கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து என் மேசையில் வைத்தான். பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். நீலப் பேனாவால் சிங்களத்தில் பதினொரு வரி. அடியில் முத்திரை ஒட்டி, அதன் மேல் நடுங்கிய எழுத்தில் ஒரு தமிழ்ப் பெயர்.

“ஐயா, இதுல அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. இனிமே ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. மெய்தானா?”

அவனுக்கு இருபது வயது இருக்கும். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவனுடைய அம்மா கொழுந்து பறித்தவர். கினிகத்தேனைக்கும் வட்டவளைக்கும் நடுவே ஒரு வளைவில், மாலை நேரத்தில் நடந்து வந்துகொண்டிருந்தவரை லொறி அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிரேத பரிசோதனை முடிந்து பெட்டி லயத்துக்கு வந்த அன்று இரவு, லொறி உரிமையாளர் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு வந்திருக்கிறார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அடக்கச் செலவுக்கு என்று ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். தாளையும் நீட்டியிருக்கிறார்.

அந்தப் பதினொரு வரியை நான் அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். செலவுக்குப் பணம் பெற்றுக்கொண்டோம். சாரதிமீதும் உரிமையாளர்மீதும் எங்களுக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இனி எந்த நட்டஈடும் கேட்கமாட்டோம். அவ்வளவுதான். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்பாவுக்கு சிங்களம் வாசிக்கத் தெரியாதுய்யா” என்றான்.

அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாளை மாற்றவில்லை. என் அலுமாரியில் இப்படிப்பட்ட தாள்களின் பிரதிகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. சிலவற்றில் கைநாட்டு, சிலவற்றில் கையெழுத்து. தொகை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இத்தனை வருடம் விபத்து வழக்குகளை நடத்தியதில் எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான்: மலையகத்து ரோட்டில் அடிபட்டுச் செத்தவரின் வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே, சாவு வீட்டில் தோற்றுப்போகிறது.

ரோட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கினிகத்தேனை மலைநாட்டின் வாசற்படி. அவிசாவளையில் புறப்படும் ஏ7 வீதி களனி கங்கையின் கரையோடு கித்துல்கலை வரை வந்து, பிறகு வளைந்து வளைந்து மலையேறி எங்கள் ஊரில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. இங்கிருந்து ஒரு கிளை நாவலப்பிட்டிக்கு இறங்கும். பெரிய வீதி வட்டவளையைத் தாண்டி ஹட்டனுக்கும், அங்கிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கும் போகும். கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறியும், தேயிலை லொறியும், சுற்றுலா வேனும், தனியார் பஸ்ஸும், அரச பஸ்ஸும் எல்லாம் இந்த ஒரே தார்ப் பட்டையில்தான். டிசம்பர்ப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களின் வாகனங்கள் இரவெல்லாம் ஓடும். தூக்கக் கலக்கத்தோடு, பழக்கமில்லாத மலை ரோட்டில் ஓட்டி வரும் சாரதிகள்.

அதே பட்டையில்தான் நாங்களும் நடக்கிறோம். ஒரு பக்கம் வெட்டி நிறுத்திய மண்சுவர், மறுபக்கம் பள்ளம். சுவரின் அடியில் கானு. கானுக்கு மூடி இருந்தால் அதுதான் நடைபாதை. மூடி இல்லாத இடத்தில் நடைபாதையும் இல்லை. பள்ளத்துப் பக்கம் இரும்பு வேலி போட்டிருந்தால் வேலிக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்கலாம், அவ்வளவுதான் இடம். ஊருக்குள்ளும் நிலைமை பெரிதாக வேறில்லை. சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கடைகள்; 2019 ஜூலை மழையில் இங்கே ஒரு கடை வரிசையே சரிந்து போனதை ஊர் மறக்கவில்லை. அந்தக் கடை வாசல்களில் வாகனம் நிறுத்தினால், நடப்பவர் நடு ரோட்டுக்குத்தான் இறங்க வேண்டும்.

பிறகு மழை. வட்டவளையும் கினிகத்தேனையும் இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்கள். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் பெய்யும். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் பகல் மூன்று மணிக்கே பஸ்கள் லைட் போட்டுக்கொண்டு வரும். மலையில் வேலை முடிந்து வருகிற பெண்கள் தலையிலிருந்து முழங்கால் வரை கறுப்பு பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு நடப்பார்கள். மழைக்கு அது நல்ல காப்பு. ஆனால் அந்தப் போர்வைக்குள் இருப்பவருக்குப் பக்கவாட்டுப் பார்வை இல்லை. பொலித்தீன் மேல் விழும் மழைச் சத்தத்தில் பின்னால் வரும் வண்டியின் சத்தம் கேட்காது. பனி மூட்டத்தில் கறுப்பு நிறம் சாரதியின் கண்ணுக்கும் படாது. அவர்மேல் பிழை சொல்ல இதைச் சொல்லவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் இதையேதான் பிழையாகச் சொல்வார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடக்கிறவர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதைக் கற்றுக்கொடுக்கும் பாடசாலையை நான் இன்னும் பார்க்கவில்லை. நீளமான வாகனம் ஒன்று வளைவில் திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போவதில்லை; உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஐந்து மீற்றர் இடைவெளி உள்ள பஸ், எங்கள் பக்கத்து ஒடுக்கமான வளைவில் திரும்பினால், பின் சக்கரம் இரண்டரை அடிக்கும் மேலாக உள்ளே வரும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் இடப்பக்க ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறவர், பஸ்ஸின் முகப்பு தன்னைத் தாண்டியதும் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பார். ஒதுங்கிய காலை மறுபடி தாருக்கு எடுத்து வைப்பார். அந்த நொடியில்தான் பின் சக்கரம் வருகிறது.

நான் நடத்திய வழக்குகளில் சாரதிகள் சத்தியம் செய்து சொன்ன வார்த்தை, “நான் அவரைக் கடந்துவிட்டேன், பிறகுதான் சத்தம் கேட்டது” என்பது. பல தடவை அது உண்மையும்கூட. கண்ணாடியில் இடது பின் சக்கரத்தைப் பார்க்காமல் திரும்பினார் என்பதுதான் அவருடைய கவனயீனம். சாட்சிக்காரரும் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, “அந்தப் பொம்பளதான் வந்து மோதுனாங்க” என்று சொல்லிவிடுவார். ஒரு வழக்கில் இதைப் புரியவைக்க மேசைமேல் தீப்பெட்டி இரண்டை ஒட்டி, சாக்குக்கட்டியால் வளைவு கீறிக் காட்டினேன். சொல்லில் விளங்காதது அதில் விளங்கியது.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஊர்களுக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது சட்டம் தரும் எல்லை. 50 இல் வருகிற வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். சாரதி ஆளைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு நொடி போகும். ஈரத் தாரில், சமதரையில், வண்டி முழுதாக நிற்க மொத்தம் 38 மீற்றர் அளவு வேண்டும். 30 இல் வந்தால் 17 மீற்றர் போதும். எங்கள் வளைவுகள் பலவற்றில் 25 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆகவே 50 இல் வந்தேன், சட்டப்படிதான் வந்தேன் என்று ஒரு சாரதி சொன்னால், நிற்கவே முடியாத வேகத்தில் வந்தேன் என்பதுதான் அதன் பொருள். மக்களும் வாகனமும் கலந்து போகும் இடங்களில் 30 போதும் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் வீதிப் பாதுகாப்பு மாநாடு சொன்னது. அது பெரிய நகரங்களுக்கு மட்டும் சொன்னதல்ல. லயத்து வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடும் ரோட்டுக்கும் பொருந்தும்.

மலையகத்து விபத்து என்றால் நாடு நினைத்துக்கொள்வது பஸ் விபத்துகளை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லப் பாதையில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒரு வேனோடும் ஆட்டோவோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 21 அன்று ஹட்டன் மல்லியப்புவில் கண்டிக்குப் புறப்பட்ட தனியார் பஸ் புரண்டு மூன்று பேர். 2025 மே 11 அன்று கொத்மலை கரண்டியெல்லவில் அளவுக்கு மேல் ஆளேற்றிய அரச பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு தடவையும் அமைச்சர்கள் வந்தார்கள், கமெராக்கள் வந்தன, நட்டஈடு அறிவிக்கப்பட்டது. வரத்தான் வேண்டும். ஆனால் தனியாக நடந்துபோனவர் தனியாகச் செத்தால், பத்திரிகையில் நான்கு வரி. இலங்கை ரோடுகளில் ஆண்டுக்கு 2,000 க்கும் அதிகமானோர் சாகிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் நடந்து போனவர்கள். ஒவ்வொருவராகச் சாவதால் அந்தக் கூட்டம் யார் கண்ணுக்கும் கூட்டமாகத் தெரிவதில்லை.

விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் ரோட்டில் சாட்சி இருக்கிறது. பிரேக் பிடித்த கறுப்புக் கோடு. உடைந்த லைட் கண்ணாடித் துண்டு. செருப்பு கிடந்த இடம். வண்டி நின்ற இடத்துக்கும் ஆள் கிடந்த இடத்துக்கும் உள்ள தூரம். எங்கள் ஊர் மழை இதில் பாதியை அரை மணி நேரத்தில் கழுவிவிடும். மீதியைப் போக்குவரத்தைத் திறந்துவிட வேண்டும் என்ற அவசரம் தள்ளிவிடும். பொலிஸ் கீறும் வரைபடம்தான் பிறகு நீதிமன்றத்தில் ரோட்டுக்குப் பதிலாக நிற்கும். அந்த வரைபடத்தில் விபத்து நடந்த புள்ளி வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தங்கியிருக்கிறது. அது கீறப்படும்போது அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அங்கே இருப்பதில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். எதிர்த்தரப்பில் ஒருவர் நிச்சயம் அங்கே நிற்பார்.

ஆகவே என்னிடம் வருகிற இளைஞர்களுக்கெல்லாம் நான் சொல்வது: அடிபட்டவரை 1990 க்குப் போன் செய்து சுவசெரிய அம்புலன்ஸில் ஏற்று, அது இலவசம். உடன் ஒருவர் போகட்டும். இன்னொருவர் ரோட்டிலேயே நிற்கட்டும். கையில் போன் இருக்கிறது. வண்டியை நகர்த்துவதற்கு முன்பு நான்கு பக்கமும் படம் எடு. டயர்த் தடத்தை, அதற்குப் பக்கத்தில் ஒரு செருப்பையோ குடையையோ வைத்து எடு, அளவு தெரியட்டும். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் கிட்டப் போய் எடு. தேத்தண்ணிக் கடையில் நின்று பார்த்தவரின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கு. கடையில் கமெரா இருந்தால் அன்றைக்கே கேள். சில நாளில் பழையது அழிந்துவிடும்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம். எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுகிறார்; வாசித்துக் காட்டினேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்; நம்மவர் கையெழுத்து வைக்கிறார். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. தமிழில் சொல்லவும், தமிழில் எழுதிக் கேட்கவும் உரிமை இருக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இன்று இல்லை என்றால் நாளை வருகிறேன் என்று சொல்வதில் தப்பில்லை. ஒரு தடவை ஒரு பொலிஸ் நிலையத்தில், “இடப்பக்கமாக நடந்து வந்தேன்” என்று ஒருவர் சொன்னது “இடப்பக்கமிருந்து குறுக்கே வந்தேன்” என்று எழுதப்பட்டிருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல, மொழி புரியாமல் நேர்ந்தது. ஆனால் அந்த ஒரு வரியை நிமிர்த்த எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

சட்டம் என்ன சொல்கிறது? கவனயீனத்தால் மரணம் நேர்ந்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின் 298 ஆம் பிரிவில் வரும் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். இதைச் சாவு வீட்டிலோ பொலிஸ் வாசலிலோ பேசி முடிக்க முடியாது. வழக்கு நீதவான் முன் போகத்தான் வேண்டும். நம் மக்கள் பெரும்பாலும் இந்த ஒரு வழக்கைத்தான் வழக்கு என்று நினைக்கிறார்கள். தவணைக்குத் தவணை போய் நிற்கிறார்கள். சாரதிக்குத் தண்டப்பணம் விதித்தால் அந்தப் பணம் தங்களுக்கு வரும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். அது அரசாங்கத்துக்குப் போகிற பணம்.

நட்டஈட்டு வழக்கு வேறு. அதை மாவட்ட நீதிமன்றத்தில் நாம்தான் போட வேண்டும். அதற்கு இரண்டே ஆண்டு. 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் போட்ட எல்லை, இன்றும் அதுதான். நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து, இரண்டு ஆண்டும் ஒரு வாரமும் கழிந்து என்னிடம் வந்த குடும்பங்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். என் தொழிலில் அதைவிடக் கொடுமையான வேலை எனக்குத் தெரியாது. வயது வராத பிள்ளைகளுக்கு இந்தக் காலக்கணக்கில் சலுகை உண்டு என்பது ஒரு சிறிய ஆறுதல்.

பணம் யார் கொடுப்பது? சாரதி ஏழை, அவரிடம் என்ன இருக்கிறது என்று நம்மவர்களே இரக்கப்படுவார்கள். சாரதி தன் முதலாளியின் வேலையில் ஓட்டியிருந்தால் முதலாளியும் பொறுப்பு. அதற்கும் மேலே, 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த மூன்றாம் தரப்பு வேறு யாருமில்லை, ரோட்டில் நடந்துபோன நாம்தான். நமக்காகத்தான் அந்தக் காப்புறுதி. ஆனால் வழக்குப் போடும் முன்போ போட்டு ஏழு நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தீர்ப்பில் வென்றாலும் கம்பனியிடம் கேட்க முடியாது. வென்ற தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு வீட்டை எனக்குத் தெரியும். ஒரு சதம் கிடைக்கவில்லை. அடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் கை விரிக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு உதவ வீதிப் பாதுகாப்புத் தேசிய சபையிடம் நிதி இருக்கிறது.

இனி எவ்வளவு என்ற கேள்வி. இங்கேதான் எனக்கு இரத்தம் கொதிக்கும். நம்முடைய பழைய உரோமன் டச்சுச் சட்டம் இறந்தவரின் வருமானத்தை வைத்துத்தான் இழப்பை அளந்தது. தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021 இல்தான் 1,000 ரூபாய் ஆனது. 2024 இல் 1,350. அதுவும் வேலை கொடுத்த நாளுக்கு மட்டும். எதிர்த்தரப்பு கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, மாதம் பதினான்கு நாள்தான் பேர் விழுந்திருக்கிறது, அதிலும் பாதி அவருடைய சொந்தச் செலவு என்று கழித்துக் காட்டும். உயிரோடு இருக்கும்போது குறைத்துக் கொடுத்த கூலியைக் காட்டி, செத்த பிறகும் அவருடைய விலையைக் குறைப்பார்கள். காலை நாலு மணிக்கு எழுந்து ரொட்டி சுட்டது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, மாட்டுக்குப் புல்லறுத்தது, லயத்துக்குப் பின்னால் போஞ்சி போட்டது எதற்கும் சீட்டு இல்லை.

துக்கத்துக்கு விலையே இல்லை என்றும் சட்டம் இருந்தது. பிரியானி சொய்சா எதிர் ரியன்சி ஆர்சகுலரத்ன என்ற வழக்கு சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் படிப்பது. ஒரு குழந்தையின் மரணம் பற்றிய மருத்துவக் கவனயீன வழக்கு. பிள்ளையின் அன்பையும் அணைப்பையும் இழந்ததற்கு இந்தச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கேட்க முடியாது என்று 2001 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் கதவு பதினெட்டு வருடம் கழித்துத்தான் திறந்தது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், இன்னொருவரின் தவறால் ஒருவர் இறந்தால் அவருடைய துணையும் பிள்ளைகளும் பெற்றோரும் பாசத்தையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் மன வேதனைக்கும் நட்டஈடு கேட்கலாம் என்கிறது. கொழுந்து பறித்த தாயின் பிள்ளைக்கும் கொழும்பு வங்கி அதிகாரியின் பிள்ளைக்கும் தாய் இழப்பு ஒன்றுதான் என்று வாதாட இடம் தந்திருக்கிற சட்டம் இது. கினிகத்தேனையில் நான் பேசிய கூட்டங்களில் இதைக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று கை உயர்த்தியவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. தொழிற்சங்கக் காரியாலயச் சுவர்களில் தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் இந்தச் சட்டத்தின் சாரத்தை எழுதி ஒட்டினால் எவ்வளவு நல்லது.

கறுப்புப் பொலித்தீன் பற்றிச் சொன்னேன் அல்லவா. இறந்தவர்மேலும் பிழை இருந்தது என்று நீதிமன்றம் கண்டால், 1968 ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தப் பங்குக்கு நட்டஈடு குறையும். முழுதாக இல்லாமற் போகாது, குறையும். அதனால் எதிர்த்தரப்பு, ஏன் கறுப்பு, ஏன் தாரில் கால் வைத்தார், ஏன் வலப்பக்கமாக எதிர்வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்கவில்லை என்று கேட்கும். வலப்பக்கம் நடப்பது சரியான விதி, பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் வலப்பக்கம் கானு வாய் பிளந்து கிடக்கும் இடத்தில் அவர் எங்கே நடப்பது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது செத்தவர் அல்ல. கானுக்கு மூடி போடாதவர்கள். நான் ஒவ்வொரு வழக்கிலும் அந்த இடத்தின் படத்தைப் பெரிதாக்கி நீதிமன்றத்தில் காட்டுகிறேன்.

மூடி போட்டால் போதும், கானே நடைபாதை ஆகிவிடும். இதற்குப் புது நிலம் தேவையில்லை, மலையை வெட்டத் தேவையில்லை. வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பிரதேச சபையும் தோட்ட நிர்வாகமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், லயங்களுக்கும் பாடசாலைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே இருக்கும் ஓர் இரண்டு கிலோமீற்றரை முதலில் முடிக்கலாம். வளைவின் நெற்றியில் பஸ் நிறுத்தும் பழக்கத்தை விட்டு, ஐம்பது மீற்றர் தள்ளி நிறுத்தலாம். பாடசாலை விடும் நேரத்தில் மஞ்சள் கடவையில் ஒரு ஆள் நிற்கலாம். 2025 நவம்பரின் டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்து ரோடுகளைச் செப்பனிடுகிறார்கள். வண்டி போகும் அகலத்தை மட்டும் அளக்காமல் கால் போகும் அகலத்தையும் இப்போதே அளந்தால், பிறகு மறுபடி உடைக்க வேண்டியதில்லை.

அந்தப் பையனுக்கு வருகிறேன். அவனுடைய அம்மா இறந்து ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. இன்னும் நான்கு மாதம் கையில் இருந்தது. தாளைப் பற்றி உண்மையைச் சொன்னேன்: இது நமக்கு எதிராக நிற்கும். ஆனால் இதுவே முடிவல்ல. வாசிக்கத் தெரியாத மொழியில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆலோசனை சொல்ல ஒருவரும் இல்லாமல் வாங்கப்பட்ட கையெழுத்து என்று வாதாடலாம். அவனுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவளுடைய உரிமையை அப்பா ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் வாதாடலாம். காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, நான் இல்லாவிட்டாலும் அங்கே போகலாம் என்றேன்.

பொலிஸ் அறிக்கையை இன்னொரு தடவை வாசித்தேன். “கடைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்” என்று இருந்தது.

“அம்மா அன்னைக்கு எங்க போனாங்க?”

“கடைக்கெல்லாம் போகலய்யா. வேலை முடிஞ்சி, கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்தாங்க. கூடைகூட அந்தக் கானுக்குள்ளதான் கெடந்திச்சி. நான்தான் எடுத்து வந்தேன்.”

பேனாவை வைத்துவிட்டேன். 2022 இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்த விபத்தாகக் கணக்கில் வரும். உச்சத் தொகையும் ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சமாக உயர்ந்தது. லொறி உரிமையாளரின் தாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தோட்டத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே உள்ள விஷயம். ஒரு வருடமும் எட்டு மாதமும் அந்தக் குடும்பத்துக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. கடைக்குப் போனவர் என்று எழுதிய ஒரு வார்த்தை அந்த வழியை மூடி வைத்திருந்தது.

“தம்பி, அன்னைக்குச் செக்ரோல்ல அம்மா பேரு விழுந்திருக்கணும். நிறுவைக் கணக்கும் இருக்கும். கணக்குப்பிள்ளையப் போய்ப் பாரு. சண்டை போடாத. அன்னைக்கு நாள் பக்கத்த மட்டும் காட்டச் சொல்லு. முடிஞ்சா ஒரு படம் எடுத்துக்க.”

திங்கட்கிழமை மாலை அழைத்தான். பின்னால் மழைச் சத்தம், ஆட்கள் பேசும் சத்தம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று பேசுகிறான் என்று தெரிந்தது.

“ஐயா, இருக்குய்யா. அம்மா பேரு இருக்கு. அந்தியில கடைசி நிறுவை நாலே முக்காலுக்கு. பத்தொம்பது கிலோ.”